சேர்விலக்கம் இல்லாத முகாமையாளர்

நான் துப்புரவு வேலை செய்யும் உதைபந்தாட்டக் கழகக் கட்டடத்தில், உடை மாற்றும் அறைகளுக்குப் போகும் வழியில், ஓர் ஆங்கிலேயரின் படம் தொங்குகிறது. குட்டையான மனிதர். தலையில் வட்டத் தொப்பி, கழுத்துவரை பொத்தான் பூட்டிய மேலங்கி, காலில் மட்டும் பந்தடிக்கும் சப்பாத்து. அவருக்கு இரண்டு பக்கமும் உயரமான நோர்வேக்காரர்கள் நிற்கிறார்கள். அந்தக் கண்ணாடியை வாரத்துக்கு ஒருமுறை துடைப்பேன். ஒன்பது வருடம் துடைத்த பின்னர்தான் அவர் யார் என்று ஒருவரிடம் கேட்டேன். ஆட்களிடம் போய்க் கேட்பது எனக்கு இலேசான காரியம் அல்ல. கடையில் ஒரு சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

கேட்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு பொய். என் வாயால் நான் சொல்லாத பொய். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். வீட்டுக்கு அருகில் இருந்த சிறிய பள்ளிக்கூடம். அதற்கு மேல் அங்கே வகுப்பும் இல்லை, வீட்டில் வசதியும் இல்லை. தோட்டவேலை செய்தேன், மேசன்மாருக்குக் கல் தூக்கினேன். பதினெட்டு வயதில் நகரத்துப் பெரிய கல்லூரி ஒன்றின் மைதானத்தில் கூலிவேலை கிடைத்தது. புல் வெட்டுவேன், தண்ணீர் விடுவேன், ஆட்டத்துக்கு முதல் சுண்ணாம்புக் கோடு போடுவேன். மாணவர்கள் போன பிறகு நானும் வேலைக்காரர்களும் அங்கே பந்தடிப்போம். மூன்று வருடம் அப்படிப் போனது. அதன்பின் சண்டை, ஓட்டம், கொழும்பு, நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலை, கடைசியில் ஒஸ்லோ.

ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் ஓர் அறையை இன்னொருவருடன் பகிர்ந்திருந்தேன். அவர் அந்தக் கல்லூரியில் உண்மையாகவே படித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த சரளைக்கல் மைதானத்தில் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் பந்தடித்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை இங்குள்ள பழைய மாணவர் சங்கங்களுக்கிடையில் சுற்றுப்போட்டி நடக்கும். ஒரு கல்லூரியின் அணியில் அங்கே படித்தவர்கள் மட்டும்தான் விளையாடலாம். ஒரு ஞாயிறு அவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. அறைத்தோழர் என்னை இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னுக்கு நின்று வந்ததையெல்லாம் தடுத்தேன். முடிந்ததும் விசில் வைத்திருந்தவர் வந்து தோளில் தட்டினார்.

“நல்லா நிண்டீர். நீர் எந்த வருசத்து பட்ச்?”

நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். அறைத்தோழர் முந்திக்கொண்டார்.

“எங்கட கொலிஜ்தான் அண்ணை. எனக்கு ஒரு வருசம் முந்தி. ஆள் கதைக்காது, பந்து மட்டும்தான்.”

“அதுதான் முகம் தெரிஞ்ச மாதிரிக் கிடக்கு.”

முகம் தெரிந்துதான் இருக்கும். நான் கோடு போடும்போது அவர் பந்தோடு ஓரத்தில் காத்து நின்றிருப்பார்.

திரும்பி நடக்கையில், “ஏன் அப்பிடிச் சொன்னனீர்?” என்று அறைத்தோழரிடம் கேட்டேன்.

“விடும் ஐசே. அடுத்த கிழமை ஆருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?”

அவர் அடுத்த வருடம் கனடாவுக்குப் போய்விட்டார். இங்கே ஒருவரும் மறக்கவில்லை.

என் கூச்சம்தான் அந்தப் பொய்யை வளர்த்தது. ஒன்றுகூடலில் எல்லாரும் ஆசிரியர்களைப் பற்றிக் கதைக்கும்போது நான் பேசாமல் இருப்பேன். அடக்கமான மனிதர் என்றார்கள். விளையாட்டுப் போட்டியில் எந்த நிற இல்லத்துக்கு ஓடினேன் என்று கேட்டால் தலையைக் குனிந்து சிரிப்பேன். பக்கத்தில் இருப்பவர், “நீலம்தானே” என்பார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு ஒரு வகுப்புக் கிடைத்தது, ஓர் இல்லம் கிடைத்தது. ஒருவருக்கு, கணித ஆசிரியரிடம் என்னோடு சேர்ந்து அடி வாங்கியதுகூட நினைவிருந்தது. “உமக்குத்தானே முதல் விழுந்தது” என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எப்படி மறுப்பது?

என் கலியாணமும் அந்த மைதானத்தில்தான் பேசப்பட்டது. என் மனைவியின் அண்ணன் அணியில் நடுவில் விளையாடினார். ‘எங்கட கொலிஜ் பெடியன், குடி இல்லை, சத்தம் இல்லை’ என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். கலியாணமாகி மூன்றாம் மாதம் அவளிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அண்ணாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ” என்றாள். அன்றிலிருந்து அது இரண்டு பேரின் பொய்யாகிவிட்டது.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அதற்குள் இருந்தேன். வேறு எங்கே போவது? வேலையிடத்தில் நான் போகும்போது கட்டடம் வெறுமையாக இருக்கும். நான் முடித்து வெளியேறும்போதுதான் ஆட்கள் வருவார்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள் மட்டும்தான்.

முழங்கால் பழுதாகி நான் விளையாடுவதை நிறுத்திய வருடம், சங்கம் ஆண்டுவிழா மலர் ஒன்று போட்டது. சங்கத்தின் செயலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நகரசபை அலுவலகம் ஒன்றில் வேலை. எல்லாரையும் ஓடி ஓடிக் கவனிக்கும் நல்ல மனிதர். அவர் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, நீங்கள் எவ்வளவு காலம் பந்தடிச்சனீங்கள். கொலிஜ் கிறவுண்ட் நினைவுகள் எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ.”

“எனக்கு எழுத வராது தம்பி.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறது. எழுத்துப்பிழை நான் பாக்கிறன். மாசக் கடைசிக்குள்ள தாங்கோ.”

மாட்டேன் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டார். இரண்டு கிழமை ஒரு கொப்பியைத் திறந்து திறந்து மூடினேன். சுண்ணாம்பையும் கயிற்றையும் தவிர எனக்கு அந்த மைதானத்தைப் பற்றி என்ன தெரியும்? கோடு நேராக வர வேண்டுமென்றால் நிலத்தைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் நட்ட தடியைப் பார்த்து நடக்க வேண்டும் என்று தெரியும். அதை எழுதினால் அந்த வரியிலேயே பிடிபட்டுவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை ஆங்கிலேயரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வழி தோன்றியது. கல்லூரியைப் பற்றி எழுதாமல் இந்த மனிதரைப் பற்றி எழுதினால் என்ன?

சனிக்கிழமைகளில் மட்டும் நான் முடிப்பதற்கு முன்பே ஆட்கள் வருவார்கள், சிறுவர் ஆட்டம் நடக்கும். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு நோர்வே அம்மா, சமையலறையில் நின்று வாஃபல் சுட்டு விற்பார். சம்பளம் இல்லை. டுக்னாட் என்று இங்கே சொல்வார்கள், எல்லாரும் சேர்ந்து ஊருக்காகச் செய்யும் வேலை. நான் வாளியை வைத்துவிட்டு அவரிடம் போய், அந்தப் படத்தில் நிற்பவர் யார் என்று கேட்டேன். அவர் மாவுக் கரண்டியை நிறுத்தினார்.

“நீ பேசுவாயா! உனக்கு நோர்வேஜியன் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன்.”

பிறகு அலுமாரியில் இருந்து கழகத்தின் பழைய நூல் ஒன்றை எடுத்துத் தந்தார். அதில் ஆங்கிலேயரைப் பற்றி எட்டுப் பக்கம். இந்த வாஃபல் அம்மாவின் தாத்தா அந்த மனிதரிடம் விளையாடப் பழகியவராம். எட்டுப் பக்கத்தையும் படிக்க எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. தெரியாத சொல்லைத் தொலைபேசியில் தட்டிப் பார்ப்பேன். அதிலும் விளங்காததைச் சனிக்கிழமை அவரிடம் காட்டுவேன். மாசக் கடைசி தாண்டியது. செயலாளர் பொறுத்துக்கொண்டார்.

ஆங்கிலேயர் தன் நாட்டின் வடக்கே நிலக்கரி தோண்டும் ஊர் ஒன்றில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறார். சனிக்கிழமைகளில் அடித்த பந்துதான் அவரை வெளியே கொண்டுவந்தது. பெரிய கழகம் ஒன்று அவரை எடுத்தது. குட்டை என்பதால் பந்தை நிலத்தோடு வைத்துக்கொண்டு, பெரிய ஆட்களின் கால்களுக்கு நடுவால் கொண்டுபோவாராம். சில வருடம் அவரைப் பார்க்கவென்றே சனம் வந்தது. பிறகு கழகத்துக்கு அவர் தேவைப்படவில்லை. ஆனால் அவரை விடவும் இல்லை.

அந்தக் காலத்தில் அங்கே ஒரு முறை இருந்தது. பருவம் முடியும்போது கழகம் ஒரு பட்டியல் போடும். இன்னாரை வைத்துக்கொள்கிறோம், இன்னாரை விடுகிறோம் என்று. வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டால் அவர் வேறு கழகத்துக்குப் போக முடியாது. கழகம் சொன்ன தொகைக்குச் சம்மதிக்காவிட்டால் அங்கேயும் சம்பளம் இல்லை. பதிவுத் தாள் கழகத்தின் கையில் இருக்கும். ஆங்கிலேயரின் தாளை ஒரு பருவம் முழுவதும் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார்கள். பேர் பெற்ற ஆட்டக்காரர் திரும்பவும் சுரங்கத்துக்குள் இறங்கினார்.

அதன்பிறகுதான் கப்பலேறி இந்த நகரத்துக்கு வந்தார். பயிற்றுவிப்பவருக்கு அந்தத் தாள் தேவையில்லை. இங்கே அப்போது விளையாடியவர்கள் தச்சர்கள், கடைச் சிப்பந்திகள். பந்தை வானத்துக்கு அடித்துவிட்டு அதற்குப் பின்னால் ஓடுவதுதான் ஆட்டம் என்று நினைத்திருந்தவர்கள். அவருக்கு அவர்களுடைய மொழி தெரியாது. ஒவ்வொருவரையும் கையில் பிடித்துக் கொண்டுபோய் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவாராம்.

“ஒரு கோடை முழுக்க அந்த மனிதர் ஐந்து சொல்தான் பேசினார் என்று தாத்தா சொல்வார்,” என்றார் வாஃபல் அம்மா. “அதில் இரண்டு கெட்ட சொல்.”

எனக்கு ஆங்கிலேயரைப் பிடித்துவிட்டது.

சில வருடங்களில் ஊரில் இருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. சின்னக் கழகம் ஒன்றுக்கு முகாமையாளராக வரச்சொல்லி. போனார். சில பருவங்கள் நன்றாக நடந்தன, பிறகு தோல்விகள், பிறகு விலக்கினார்கள். கடைசியில் புகையிலைக் கடை ஒன்று வைத்திருந்தாராம். இங்குள்ள படம், கழகத்தின் விழாவுக்கு அவர் விருந்தாளியாக வந்தபோது எடுத்தது.

அந்த எட்டுப் பக்கத்துக்குள் ஒரே ஒரு வரி என்னை நிறுத்தியது. முகாமையாளராக இருந்தபோது, கழக இயக்குநர்கள் சொன்னபடி, ஓர் இளம் ஆட்டக்காரரின் தாளை அவர் இரண்டு பருவம் பிடித்து வைத்திருந்தார் என்றும், அந்த ஆட்டக்காரர் பிறகு விளையாடவே இல்லை என்றும் இருந்தது. சரியாகத்தான் வாசித்தேனா என்று வாஃபல் அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டு முறை படித்தார்.

“சரிதான். தனக்கு நடந்ததை மறந்திருப்பார் என்று நினைக்கிறாயா?”

“இல்லை,” என்றேன்.

அந்த வரியை நான் கட்டுரையில் எழுதவில்லை. மலரில் நல்லது மட்டும்தான் போடுவார்கள்.

கட்டுரை வந்தது. நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. லண்டன் பழைய மாணவர் சங்கத்தில் இருந்து ஒருவர் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்துப் பாராட்டினார். “எங்கட காலத்து ஆக்களின்ர படிப்பு எண்டால் இதுதான்,” என்று ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர் என் முன்னாலேயே இளம் ஆட்களுக்குச் சொன்னார். ஒளிந்துகொள்ள எழுதிய கட்டுரை என்னைப் படித்தவனாக்கிவிட்டது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அணிக்கு முகாமையாளர் தெரிவு வந்தது. யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

“பந்தடிச்சவன் மனேச்சராகிற கதையை அண்ணை எழுதிப்போட்டார். இனி ஆளே ஆகத்தானே வேணும்!”

சிரிப்புக்குள் கைகள் உயர்ந்துவிட்டன. நான் எழுந்து நிற்பதற்குள் கைதட்டி முடித்தார்கள்.

முகாமையாளர் என்றால் பேச வேண்டும். பதினைந்து பேரைச் சுற்றி நிற்க வைத்து நடுவில் நின்று பேச என்னால் முடியாது. அதனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முதலும் வீட்டில் இருந்து துண்டுகள் எழுதிக்கொண்டு போவேன். ஒருவருக்கு ஒரு துண்டு. ‘இடப்பக்கம் விட்டு வராதே.’ ‘அவன் வலக்காலால் மட்டும்தான் அடிப்பான்.’ ‘கத்தாதே.’ கையில் கொடுத்துவிட்டு ஓரத்தில் போய் நிற்பேன்.

“அண்ணை, இது சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?” என்று மருந்துத் துண்டைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆனால் படித்தபடி விளையாடினார்கள். வென்றோம். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பொய்க்குள் இருந்துகொண்டு நான் உண்மையாகச் செய்த முதல் வேலை அதுதான்.

அணியில் இடப்பக்கம் ஓடிய தம்பி பஸ் ஓட்டுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும், மோர்டென்ஸ்ருட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். எங்களிடம் இருந்த ஆட்களில் அவர்தான் திறம். அவர் கல்லூரியில் படித்தவர் அல்ல. அவருடைய தமையன் படித்தவர். தமையனின் பெயரால் உள்ளே வந்தவர். தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒருவரும் கதைக்கவில்லை. நாங்கள் வெல்லத் தொடங்கியதும் மற்றச் சங்கம் ஒன்று கதைத்தது. வெளியாளை வைத்து வெல்கிறார்கள் என்று முறைப்பாடு. போட்டி நடத்துகிறவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும், முகாமையாளருக்கும், பெயர், கல்லூரியில் இருந்த வருடம், சேர்விலக்கம். கீழே ஒரு வரி: மேலுள்ள அனைவரும் கல்லூரியின் பழைய மாணவர்கள் என்று உறுதிப்படுத்துகிறேன். அதற்குக் கீழே முகாமையாளரின் கையெழுத்து.

கல்லூரியில் சேரும்போது பதிவேட்டில் எழுதும் இலக்கம்தான் சேர்விலக்கம். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளைகள் பிறந்த நாள் மறந்துபோனாலும் அது மறக்காது.

செயலாளர் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, உந்த பஸ்காரத் தம்பியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கோ. நீங்கள் சொன்னால் அவன் கோவிக்கமாட்டான்.”

“நான் எப்பிடித் தம்பி…”

“மனேச்சர்தானே சொல்லோணும். படிவத்தைச் சனிக்கிழமை பின்னேரம் வீட்டை கொண்டுவாங்கோ, சேர்ந்து நிரப்புவம்.”

வியாழன் வேலை முடிந்து மோர்டென்ஸ்ருட்டுக்குப் போனேன். ரயிலின் கடைசித் தரிப்பிடம். தம்பி சீருடையோடு கதவைத் திறந்தார். சின்ன மகள் அவருடைய காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவரே தொடங்கினார்.

“என்னை எடுக்கச் சொல்லிட்டினமோ?”

தலையாட்டினேன்.

“நீங்கள் வாசலில நிண்ட விதத்திலயே விளங்கிட்டுது அண்ணை. துண்டில எழுதித் தருவியளெண்டு பாத்தன்.” சிரித்தார். பிறகு மகளைத் தூக்கி மடியில் வைத்தார். “எனக்குக் கோவம் இல்லை. ஆனால் ஒண்டு சொல்லுங்கோ. ஒரு பள்ளிக்கூடத்திலயும் நான் ரெண்டு வருசம் முழுசா இருக்கேல்லை. இடம்பெயர்ந்து போற ஊரிலயெல்லாம் ஒவ்வொரு பள்ளிக்கூடம். ஒண்டு மரத்துக்குக் கீழ. இப்ப நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு விளையாடுறது?”

நான் கோப்பைக்குள் பார்த்தேன்.

“உங்களுக்கு இது விளங்காதண்ணை. உங்களுக்கெண்டு ஒரு கொலிஜ் இருக்கு.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. “அப்ப நான் வரட்டே” என்றுதான் வெளியே வந்தது. அவர் கீழே வாசல்வரை வந்து வழியனுப்பினார். அம்மருட்டுக்கு வர நகர நடுவில் ரயில் மாற வேண்டும். மாறாமல் இருந்து, எங்கேயோ போய், திரும்பி வந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“கையெழுத்து வைக்காட்டி?”

“ஏனெண்டு கேப்பினம்.”

“வைச்சால்?”

“வைச்சால், நான் செய்ததுக்கு அவனைத் துரத்தினதாப் போகும்.”

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய அண்ணனைப் பற்றித்தான் யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

“சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லுங்கோ. பாதியைச் சொல்லிப்போட்டு மிச்சத்தோட வந்து என்னோட இருக்காதேங்கோ. இவ்வளவு காலமும் இருந்தது போதும்.”

சனிக்கிழமை பின்னேரம் செயலாளர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படிவம் விரிந்திருந்தது. அவருடைய மனைவி றோல்சும் தேத்தண்ணியும் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பெயராகச் செயலாளர் வாசித்தார், ஒவ்வோர் இலக்கமாக நான் எழுதினேன். என் எழுத்து வடிவாக இருக்கும். பஸ் தம்பியின் பெயர் வந்ததும் அவரே குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“இனி உங்கட. நம்பரைச் சொல்லுங்கோ.”

“இல்லை.”

“ஞாபகம் இல்லையோ? அங்க ஒபிசில கேட்டு எடுப்பம்.”

“அங்கயும் இராது தம்பி. நான் அங்க படிக்கேல்லை.”

அவர் றோல்சைக் கடித்தபடியே சிரித்தார். “அண்ணை பகிடியும் விடுவாரெண்டு இண்டைக்குத்தான் தெரியும்.”

“நான் அஞ்சாம் வகுப்பு. கொலிஜில கிறவுண்டில கூலிக்கு நிண்டனான். கோடு போட்டது நான்தான்.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

“அப்ப மலரில எழுதினது ஆர்?”

“நான்தான்.”

“நீங்களே எழுதினீங்களோ?”

“ஓம்.”

கொஞ்ச நேரம் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு என்மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பயம்தான் வந்திருந்தது.

“அண்ணை, இதை நீங்கள் சொல்லவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை. அந்த லண்டன்காரருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? உங்கட மச்சானுக்கு என்னத்தைச் சொல்லுறது? இவ்வளவு காலம் எங்களோட நிண்டனீங்கள். நீங்கள் எங்கட ஆள்தான்.” பேனாவை என் கையில் இருந்து எடுத்து, என் பெயருக்கு நேரே, தன்னுடைய இலக்கத்துக்குப் பல வருடம் முன்னுள்ள ஓர் இலக்கத்தை எழுதினார். “முடிஞ்சுது. இனி கையெழுத்து.”

அது அன்போடு செய்யப்பட்டது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் பொய்யில் இருந்து வெளியே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். சொன்ன பிறகு அந்தப் பொய்க்கு ஓர் இலக்கமும் கிடைத்துவிட்டது.

“அப்ப அவனுக்கும் ஒண்டு எழுதுங்கோ,” என்றேன்.

“ஆருக்கு?”

“பஸ் தம்பிக்கு. எனக்கு எழுதலாமெண்டால் அவனுக்கும் எழுதலாம்தானே.”

“அது வேற அண்ணை.”

“என்ன வேற?”

என் வாழ்க்கையில் ஒருவரை எதிர்த்து நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“அவனைப் பற்றி முறைப்பாடு வந்திட்டுது. உங்களைப் பற்றி வரேல்லை. அவ்வளவுதான்.”

அவர் உண்மையைச் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன். அவர் எழுதிய இலக்கத்தின் மேல் ஒரு கோடு, என் பெயரின் மேல் ஒரு கோடு. கையெழுத்துக்கான இடத்தை அப்படியே விட்டேன். மேலங்கியின் சிப்பு பாதியில் சிக்கி ஏறவில்லை. செயலாளரின் மனைவி கதவைத் திறந்து, “என்ன அதுக்குள்ள வெளிக்கிட்டாச்சோ? றோல்ஸ் சாப்பிடேல்லை” என்றார். சிப்பைப் பூட்டாமலே படியிறங்கினேன்.

திங்கட்கிழமை மச்சானிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, “நீர் விளையாடினது மெய்தானே” என்றார். அதற்குமேல் இன்றுவரை அதைப் பற்றிக் கதைத்ததில்லை. பஸ் தம்பிக்கும் தொலைபேசியில் சொன்னேன். “சும்மா போங்கோ அண்ணை” என்றார் முதலில். நம்பியதும், “அப்ப ரெண்டு பேரும் வெளியில,” என்றார். சுற்றுப்போட்டிக்கு நாங்கள் இருவருமே போகவில்லை. வேறொருவர் முகாமையாளராகக் கையெழுத்து வைத்தார்.

நான் ஏன் இல்லை என்று சனம் கேட்டிருக்கிறது. செயலாளருக்கு என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அண்ணைக்குச் சுகமில்லை என்று சொல்லியிருக்கிறார். என்ன வருத்தம், என்ன நோய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததால் சனமே ஒன்றைத் தேடிக்கொண்டது. ஒருவர் இதயம் என்றார், இன்னொருவர் சிறுநீரகம் என்றார். கணித ஆசிரியரிடம் என்னோடு அடி வாங்கியவர் பழங்களோடு வீட்டுக்கே வந்தார். “முகம் வாடித்தான் கிடக்கு” என்று மனைவியிடம் சொன்னார். உண்மையைச் சொன்னேன். என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். “யோசியாதையும். உந்த மருந்துகள் அப்பிடித்தான், ஆளைக் குழப்பும்.”

இந்தப் பக்கங்களை எழுதத் தொடங்கியது அன்று பின்னேரம்தான். வாயால் சொன்னால் ஒருவரும் எடுத்துக்கொள்கிறார்கள் இல்லை.

போன கிழமை தமிழ்க் கடைக்குப் போனேன். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினால், முன்பு எங்கள் மாடியில் குடியிருந்த அக்கா முருங்கைக்காயோடு நிற்கிறார்.

“ஐயோ தம்பி, உந்த மூட்டையை ஏன் தூக்குறீர்? ஒப்பரேசன் முடிஞ்சு எத்தினை நாள்?”

“எனக்கு ஒப்பரேசன் இல்லை அக்கா. ஒரு வருத்தமும் இல்லை. நான் அந்தக் கொலிஜில படிக்கேல்லை, அதுதான் விலகினனான்.”

அவர் என் முகத்தை வடிவாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“சரி, சரி. அதுகளை இப்ப யோசியாதையும். கதைச்சுக் களைக்காதையும்.”

வரிசையில் நின்ற ஒரு பெடியனைக் கூப்பிட்டு என் தோளில் இருந்த மூட்டையை இறக்கச் செய்தார். வேண்டாம் என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. பெடியன் அரிசியோடு முன்னால் போனான், அக்கா என் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் வந்தார், நான் வெறுங்கையோடு பஸ் தரிப்பிடம் வரை மெதுவாக நடந்தேன்.